சின்ன வா பெடல் வாங்கப் போகிறீர்களா? ஷூவோடு போங்கள்

என் ஷூ அளவு பத்து. இதை முதல் வரியிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வா பெடல் என்பது காலால் ஆட்டி, கிதார் ஒலியை 'வா-வா' என்று பேசவைக்கும் கருவி. அதன் சின்ன வடிவமான கம்பாக்ட் வா பெடல் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் டோனில்தான் ஆரம்பிப்பார்கள். எந்த இண்டக்டர் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்), எந்தக் காலத்து ஒலி, ட்ரூ பைபாஸா (அணைத்தால் ஒலி சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகுமா) இல்லையா என்று. நானும் அப்படித்தான் என் முதல் மினி வாவை வாங்கினேன். மூன்றாவது நிகழ்ச்சியிலேயே வினை வந்தது. நிதானமாகப் போகும் ஒரு பாட்டின் சோலோவில் வாவை மிதித்தேன். அதற்கு மேல்வரிசையில் இருந்த, எதிரொலி தரும் டிலே பெடலின் ஃபீட்பேக் குமிழை என் ஷூ நுனி உரசி முழுசாகத் திருப்பிவிட்டது. நான் வாசித்த நாலு சுரம் நாற்பதாகி, நானூறாகி, ஆம்ப் ஊளையிட ஆரம்பித்தது. டிரம்மர் நிமிர்ந்து பார்த்தார். நான் குனிந்து எந்தக் குமிழ் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெடல் மேல் தப்பே இல்லை. ஒலி அருமையான ஒலி. என் பாதத்தை நான் அளக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் இந்தக் குறிப்பைக் காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். காது பிறகு வரட்டும்.

அந்தப் பெரிய பெட்டி ஏன் பெரியது

1966-இல் வாக்ஸ் ஆம்ப்களை அமெரிக்காவில் தயாரித்துக்கொண்டிருந்தது தாமஸ் ஆர்கன் என்ற நிறுவனம். ஆம்பில் நடு அலைவரிசையைத் தூக்கிக் காட்டும் ஒரு சுழல் ஸ்விட்ச் இருந்தது. செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண பாட், அதாவது வால்யூம் குமிழில் இருக்குமே அது, போட்டுப் பார்க்கும் வேலை பிராட் ப்ளங்கெட் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி வாய் திறந்து மூடுவதுபோல் கேட்டது. கிதார் வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்குமே என்று, பக்கத்தில் இருந்த வாக்ஸ் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அந்தக் குமிழை வைத்தார்கள். வா பெடல் பிறந்த கதை இதுதான். ஆரம்பத்தில் வந்த சில பெடல்களில் க்ளைட் மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயரைத்தான் போட்டார்கள். டிரம்பெட் வாயில் மியூட்டை வைத்து எடுத்து அவர் எழுப்பிய ஒலியை இது நினைவூட்டியதுதான் காரணம்.

இங்கே நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் கூடு ஆர்கன்காரரின் முழுப் பாதத்துக்காக அமைந்தது. ஒலிக்கும் அந்த நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், ஓர் இண்டக்டர், ஒரு பாட், மற்றபடி சில்லறை ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். மீதி எல்லாம் காற்று. ஆகவே 'சின்னது என்றால் ஒலியும் சின்னதாக இருக்குமோ' என்ற பயத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

கூட்டைச் சுருக்கினால் குறைவது மிதிக்கும் பலகையின் நீளம்தான். பலகை நடுவில் ஓர் அச்சில் ஆடுகிறது. ஒரே கோணம் ஆடினாலும், பலகை பாதி நீளம் என்றால் நுனி பாதி தூரம்தான் கீழே இறங்கும். ஆனால் ஒலி அடிமட்டத்தில் இருந்து உச்சிவரை முழுசாகவே போகும். பெரிய பெடலில் கட்டைவிரல் ஒரு செ.மீ. இறங்கினால் எவ்வளவு மாறுமோ, மினியில் அரை செ.மீட்டருக்கே அவ்வளவு மாறிவிடும். வேகமாக 'வக்க-வக்க' என்று ஃபன்க் தாளம் போடுபவருக்கு இது வரம். கணுக்கால் கொஞ்சம் அசைந்தாலே போதும். ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு வாயை மெல்ல மெல்லத் திறக்க நினைப்பவருக்குத்தான் சோதனை. நான் இரண்டாவது ரகம். பழகிக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

காகிதப் பாதம்

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை. மேடையில் போடும் ஷூவை ஒரு பழைய செய்தித்தாளில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதப் பாதத்தை, பெடல்களை அடுக்கும் தட்டான பெடல்போர்டில், வா வைக்கப்போகும் இடத்தில் விரியுங்கள். மினி வந்தாலும் உங்கள் பாதம் இதே அளவுதான். பெடலின் பரப்பை மட்டும் பார்த்து 'அடடா, பக்கத்தில் இன்னும் இரண்டு பெடல் வைக்கலாமே' என்று கணக்குப் போட்டால், அந்த இரண்டின் குமிழும் காகிதத்துக்கு அடியில் போய்விடும். என் டிலேக்கு நடந்தது இதேதான்.

காகிதத்துக்கு அடியில் போகும் இடத்தை வீணாக்கவும் வேண்டாம். குமிழ் தாழ்வாக இருக்கும் பெடல், அல்லது ஒருமுறை வைத்தால் தொடவே வேண்டாத ட்யூனர், அங்கே வரலாம். நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் உள்ள எதையும் வைக்காதீர்கள்.

அடுத்து ப்ளக். கேபிள் மாட்டும் துளை பெடலின் பக்கவாட்டில் இருந்தால், இரண்டு பக்கமும் ப்ளக்கின் பருமனையும் சேர்த்துத்தான் அகலம். தட்டையான மடக்கு ப்ளக் என்றால் பரவாயில்லை. நேர் ப்ளக் வைத்திருந்தால் மினியால் மிச்சமான இடம் முழுக்க அதற்கே சரியாகிவிடும். துளைகள் முன்பக்கம், அதாவது நுனிக்கால் பக்கம், இருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். பவர் துளை எங்கே என்றும் பாருங்கள். குதிகால் இறங்கும் இடத்தில் ஒயர் ஓடினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிய்யும்.

எடை இன்னொன்று. டன்லப் நிறுவனத்தின் க்ரை பேபி என்ற வழக்கமான பெரிய வா ஒன்றரைக் கிலோவுக்கு மேல். தரையில் வெறுமனே வைத்தாலும் நகராது. மினி லேசானது. தரையில் வைத்து ஓங்கி மிதித்தால் முன்னே ஓடும், இல்லையென்றால் பக்கவாட்டில் சாயும். போர்டில் வெல்க்ரோவால் ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால் கவலை இல்லை. ஒரே ஒரு வா, ஒரு கேபிள், நேராக ஆம்ப் என்று வாசிப்பவரா? பெரியதையே வாங்கிக்கொள்ளுங்கள். மினியால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

கடையில்

நின்றுகொண்டு சோதியுங்கள். கடையில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்வார்கள். உட்கார்ந்தால் தொடையின் எடை காலில் இறங்காது, எந்தப் பெடலும் வெண்ணெய்போல இருக்கும். எழுந்து நின்று, கிதாரைத் தோளில் மாட்டி, உடல் எடையை மற்றக் காலில் வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். மேடையில் அப்படித்தான் நிற்கப்போகிறீர்கள். மினியில் குதிகால் பலகைக்கு வெளியே தொங்கும். அதைத் தரையில் ஊன்றிக்கொண்டு நுனியால் மட்டும் ஆட்டுவதா, முழுப் பாதத்தையும் தூக்கி வைப்பதா என்பதை அங்கேயே தீர்மானித்துவிடுங்கள். நான் குதிகாலைப் போர்டின் விளிம்பில் ஊன்றுகிறேன். அதற்காகவே வாவைப் போர்டின் கீழ்வரிசை ஓரத்தில் வைத்தேன்.

பிறகு ஒலி. எளிய சோதனை ஒன்று உண்டு. தந்திகளை இடதுகையால் அமுக்கி மூடிக்கொண்டு, வலதுகையால் சரக் சரக்கென்று ஒரே தாளத்தில் உரசுங்கள். பலகையைக் குதிகால் பக்கம் முழுக்க இறக்கி, அங்கிருந்து மெதுவாக, பத்து எண்ணும் நேரத்தில், நுனிக்குக் கொண்டுபோங்கள். சுரம் இல்லாததால் ஃபில்டர் எங்கே நகர்கிறது என்பது துல்லியமாகக் கேட்கும். நல்ல பெடலில் அது 'உ' என்று ஆரம்பித்து 'ஆ' வழியாக 'ஏ' வரை போகும். உ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே உடம்படுமெய்யாக ஒரு 'வ்' தானாக வந்து நிற்கும். வா என்ற பெயரே அப்படி வந்ததுதான், தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

பத்து எண்ணுவதில் முதல் நான்கு எண்ணும்வரை ஒன்றுமே மாறாமல், ஐந்தில் திடீரென்று பாய்ந்துவிட்டால் அந்தப் பெடல் வேண்டாம். குறுகிய பலகையில் பாதித் தூரம் செத்துக் கிடந்தால் உங்களுக்கு மிஞ்சுவது விரல் அகலம்தான். பெரிய பெடலில் மன்னிக்கக்கூடிய குறையை மினியில் மன்னிக்க முடியாது.

எண்ணில் பேச வேண்டுமென்றால், வழக்கமான வாவில் ஒலி உச்சம் குதிகாலில் சுமார் 400 ஹெர்ட்ஸிலும் நுனியில் 2,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலும் இருக்கும். க்ரை பேபி வகைச் சர்க்யூட்டில் இண்டக்டர் 500 மில்லிஹென்றி, கெபாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். இரண்டையும் அதிர்வெண் சூத்திரத்தில் போட்டால் 2,250 ஹெர்ட்ஸ் வருகிறது. நுனிக்கால் உச்சி அதுதான். குதிகால் பக்கம் போகப் போக, டிரான்சிஸ்டர் அந்தக் கெபாசிட்டரைப் பலமடங்கு பெரியதுபோல் நடிக்கவைக்கிறது, உச்சம் கீழே இறங்குகிறது. இது தெரியாமலும் நன்றாக வாசிக்கலாம். ஆனால் 'பேஸ் கூட வேண்டும்' என்று யாராவது கெபாசிட்டரை மாற்றச் சொன்னால், அவர் உளறவில்லை என்றாவது புரியும்.

இதே மெதுவான சோதனையை உங்கள் வழக்கமான டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரடுமுரடாக்கும் பெடல்) போட்டுக்கொண்டு மறுபடி செய்யுங்கள். கடையில் சுத்தமான டோனில் கேட்கும்போது எல்லா வாவும் இனிக்கும். டிஸ்டார்ஷன் ஏறியபின் நுனியில் சில பெடல்கள் ஊசிபோல் காதில் குத்தும். சில, குதிகாலில் சேறாகிவிடும். ஆம்ப் வால்யூமையும் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று சின்ன விஷயங்களை அங்கேயே முடித்துவிடலாம். தந்தியைத் தொடாமல் பலகையை ஆட்டுங்கள். கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் பாட் அழுக்கு அல்லது தேய்மானம். பெடலை அணைத்துவிட்டு வாசித்து, பிறகு கேபிளை நேராக ஆம்பில் மாட்டி அதையே வாசியுங்கள். அணைத்த நிலையில் டோன் மந்தமாகிறது என்றால் பைபாஸ் சரியில்லை. பழைய பாணி வாக்களில், அணைத்தாலும் சர்க்யூட்டின் வாசல் கிதாரோடு ஒட்டிக்கொண்டே இருந்து ட்ரெபிளை உறிஞ்சும். கடைசியாக, பலகையை நடுவில் நிறுத்திவிட்டுக் காலை எடுங்கள். தானாகச் சரியக்கூடாது. வாவை ஆட்டாமல் ஓரிடத்தில் நிறுத்தி, மூக்கால் பாடுவதுபோன்ற டோனில் சோலோ வாசிக்கும் பழக்கம் உள்ளவருக்கு இது முக்கியம்.

நுனி ஸ்விட்சா, தானே விழிப்பதா

பெரும்பாலான வாக்களில் நுனிக்கால் முட்டும் இடத்தில் பலகைக்கு அடியில் ஸ்விட்ச் இருக்கும். ஓங்கி அழுத்தினால் 'டக்' என்று விழிக்கும். மினியில் நெம்புகோல் குட்டை என்பதால் அந்த அழுத்தம் கூடுதலாகத் தேவைப்படும். எனக்கு இது தொல்லை. பாட்டின் நடுவே கால் முழு எடையையும் போட்டு அழுத்தும் அந்த அரை நொடியில் தாளம் பிசகும். சிலருக்கு உறைப்பதே இல்லை. ஆகவே ஸ்விட்சைப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். பத்தில் ஒன்று தவறினாலும் மேடையில் அந்த ஒன்றுதான் வரும். சில பெடல்களில் விளக்கே கிடையாது. விளக்கு இருந்தாலும் உங்கள் ஷூவுக்கு அடியில் இல்லாமல் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்விட்சே இல்லாத வகையும் உண்டு. மார்லி நிறுவனத்தின் சிறிய 20/20 வரிசையில் சில மாடல்கள் அப்படி. கால் வைத்தால் விழிக்கும், எடுத்தால் ஸ்ப்ரிங் பலகையைத் தூக்கிவிட்டு அணைந்துவிடும். உள்ளே பாட் கிடையாது, அதற்குப் பதில் ஒளியால் இயங்கும் அமைப்பு. தேயாது, கரகரக்காது. வாவைத் தொட்டுத் தொட்டு விடுபவருக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் மேலே சொன்ன 'நிறுத்திவைத்து வாசிக்கும்' வித்தை இதில் வராது. காலை எடுத்தால் கதை முடிந்தது.

டன்லப்பின் க்ரை பேபி மினி, பெரியதன் ஏறக்குறைய பாதி நீளம். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, ஒன்றில் ஒலி தாழ்ந்து கனமாக, ஒன்றில் பழைய காலத்துச் சாயலில், ஒன்றில் இன்றைய பெரிய க்ரை பேபியான ஜிசிபி95 போல. மூன்றும் நிஜமாகவே வேறு வேறு. அதே நிறுவனத்தின் க்ரை பேபி ஜூனியர், மினிக்கும் பெரியதுக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்பது, பத்து அளவு ஷூ போடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். மினியிலேயே க்யூவும் ரேஞ்சும் கையில் வேண்டும் என்றால் 535க்யூ மினி இருக்கிறது. க்யூ என்பது உச்சத்தின் கூர்மை. கூட்டினால் விசில்போல் மெலிந்து ஒலிக்கும், குறைத்தால் அகன்று மென்மையாகும். ஸோட்டிக் எக்ஸ்டபிள்யூ-1 வழக்கமான அளவைவிட ஐந்தில் ஒரு பங்குதான் சிறியது, ஆனால் பக்கவாட்டில் ட்ரெபிள், பேஸ், க்யூ, பயஸ் என்று குமிழ்களாக இருக்கும். குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும் ஆசாமிகளுக்கு. ஹோட்டோன் சோல் ப்ரெஸ் குட்டிப் பெட்டிக்குள் வா, வால்யூம், எக்ஸ்ப்ரெஷன் (வேறொரு பெடலின் அமைப்பைக் காலால் மாற்றுவது) மூன்றையும் அடக்கியிருக்கிறது. வா எப்போதாவதுதான், வால்யூம் பெடல் அடிக்கடி வேண்டும் என்பவருக்கு அது நியாயமான தேர்வு.

ஏழு தந்தி, எட்டுத் தந்தி கிதார் என்றால் தாழ்ந்த ஒலிநிலை உள்ளதையே பாருங்கள். பேஸ் கிதாருக்குத் தனி வா இருக்கிறது, கிதார் வாவைப் போட்டால் அடி ஒலி காணாமல் போகும்.

வரிசையும் மின்சாரமும்

வாவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் பேச்சுபோல் இயல்பாக இருக்கும். பின்னால் வைத்தால் வீச்சு பிரம்மாண்டமாகும், கொஞ்சம் சின்தசைசர் சாயல் வரும். இது ருசி விஷயம், இரண்டையும் கேளுங்கள். ஃபஸ், அதாவது ஒலியை முரட்டுத்தனமாகக் கிழிக்கும் பெடல், வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். பழைய பாணி ஃபஸ்ஸின் உள்வழி மின்தடை மிகக் குறைவு. வாவுக்கு நேர் பின்னால் அதை வைத்தால் வாவின் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பலகை ஆடும், ஒலி ஆடாது. பெடல் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போன ஆள் நானே. நடுவில் ஒரு பஃபர் (ஒன்று மற்றதைப் பாதிக்காமல் பிரித்துவைக்கும் சர்க்யூட்) வைத்தால் தீர்ந்தது, இல்லாவிட்டால் ஃபஸ்ஸை முன்னால் நகர்த்துங்கள். உங்கள் ஃபஸ்ஸைக் கடைக்குக் கையோடு எடுத்துப்போவது இன்னும் உத்தமம்.

மின்சாரம் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மற்றப் பெடல்களுக்கு உள்ள அதே அடாப்டர் போதும். பேட்டரியில் வாசிப்பவர் என்றால், மினியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இண்டக்டர் ஒரு கம்பிச்சுருள் என்பதால் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் இரைச்சலைப் பிடித்து 'ம்ம்ம்' என்று முனகும். போர்டுக்கு அடியில் பவர் சப்ளை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வாவை ஒட்டிவிடாதீர்கள். வெல்க்ரோ ஒட்டுவதற்கு முன் பெடலைக் கையில் பிடித்து இங்கும் அங்கும் நகர்த்திப் பாருங்கள், எங்கே முனகல் அடங்குகிறதோ அங்கே ஒட்டுங்கள்.

பழைய மினி கிடைத்தால் வாங்கலாமா? தாராளமாக. கரகரப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் பாதிப் பெடல்கள் சரியாகிவிடும், மீதிக்குப் புது பாட் வேண்டும். மினியின் பாட் பெரியதற்குப் பொருந்தும் அதே பாகமாக இருக்காது, மாற்று கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அடிமூடியைத் திறந்து, பலகை ஆடும்போது பாட் குமிழைத் திருப்பும் பல்சக்கரத்தையும் பல்பட்டையையும் பாருங்கள், பல் மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

புதிதோ பழையதோ, வீட்டுக்கு வந்ததும் மேடைக்கு எடுத்துப்போக அவசரப்படாதீர்கள். பலகையின் அச்சுப் பக்கம் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகோ நட்டோ இருக்கும். முதல் வாரம் அதைக் கொஞ்சம் இறுக்கியே வையுங்கள். குறுகிய பலகையில் கால் எகிறிப் பாயாமல் இருக்க அந்த இறுக்கம் உதவும். பழகியபின் கால்வாசிச் சுற்றாகத் தளர்த்துங்கள். எனக்கு இரண்டு முறை தளர்த்தியபோது சரியாக வந்தது. மூன்றாவது முறை தளர்த்தினேன், காலை எடுத்ததும் பலகை சரிந்தது, திரும்பவும் கால் சுற்று இறுக்கி அப்படியே விட்டுவிட்டேன். டிலே இப்போது போர்டின் வலது மூலையில் இருக்கிறது.